அவசரம்: லான் கேபிளையும் கரண்ட் வயரையும் ஒரே பைப்பில் விடலாமா?

உப்புவெளியான்:
வணக்கம். புது வீட்டு வயரிங் நடக்கிறது, வெள்ளிக்கிழமை சுவர்ப் பூச்சு. இன்ரநெற்றுக்கான லான் கேபிளையும் கரண்ட் பைப்புக்குள்ளேயே விடலாம் என்கிறார் வயரிங் பாஸ். சரியா? கெதியாகச் சொல்லுங்கோ.

மலையடி:
எத்தனை மாடி தம்பி? மேலே கொங்கிறீற் பிளேட்டா, சீற்றா? ஃபைபரா, சிம் ரவுற்றரா? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நாங்கள் என்ன சாத்திரமா பார்ப்பது?

நிலாவெளி_காற்று:
பைப் கிடக்கட்டும், கடல் எவ்வளவு தூரம்? எங்கள் வீட்டில் கேற் லைற்றைக் கழற்றப் போனால் ஸ்குரூத் தலை துருவாக உதிர்ந்து கையில் வந்தது. பித்தளை ஸ்குரூ போடுங்கள். வெளி லைற் தூசி, தண்ணீர் புகாத ஐபி65 ஆக இருக்கட்டும்.

இணையப்பிரியன்:
இந்தக் காலத்தில் கேபிளா? வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ் பெட்டி இரண்டு வாங்கி வையுங்கள், போதும்.

மலையடி:
கொங்கிறீற் பிளேட்டைத் தாண்ட 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபை திணறும். மெஷ்ஷுக்கும் கேபிள் கொடுத்தால்தான் முழு வேகம்.

பழைய_வயர்மன்:
மாதாமாதம் இதே கேள்வி. தேடிப் பார்க்கப் பஞ்சி, வீடு மட்டும் கட்டுவார்கள்.
விடக்கூடாது. லான் கேபிளின் உறை 230 வோல்ற்றுக்குச் செய்ததல்ல. கரண்ட் வயர் ஓரிடத்தில் உரிந்தால் மின்சாரம் ரவுற்றர் வரை வரும், அதைத் தொடுகிற கை வரை வரும். தனிப் பைப், ஒரு அடி தள்ளி. குறுக்கே போனால் செங்குத்தாகக் கடக்கட்டும். உள்ளே ஒரு நைலோன் நூலையும் விட்டு வையுங்கள், பிறகு இன்னொரு கேபிள் இழுக்கலாம். மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டுகிற 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் இருக்கிறதா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

உப்புவெளியான்:
இரண்டு மாடி, பிளேட். ஃபைபர்.

நிலாவெளி_காற்று:
பிளக் பொயின்ற் என்ன? 15 அம்பியர் உருண்டை முள்தான் உறுதி.

மலையடி:
13 அம்பியர் சதுர முள்ளைத்தானே இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு நாட்டுக்கே தரமாக்கியது?

நிலாவெளி_காற்று:
அது கடதாசியில். அம்மாவின் கிரைண்டர் இன்னும் உருண்டை முள்தான்.

பழைய_வயர்மன்:
பிளக்கை மாற்றினால் போச்சு. 13 பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறது, உங்கள் உருண்டையில் எங்கே?

நிலாவெளி_காற்று:
நீங்கள் பிறக்கும் முன்னே நாங்கள் உருண்டையில்தான் அயன் பண்ணினோம்.

இணையப்பிரியன்:
கேட்டவர் எங்கே?

உப்புவெளியான்:
தனிப் பைப் போட்டாச்சு. பாஸ் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். நன்றி அண்ணாமார்.

மலையடி:
தம்பி, வாங்கிய கேபிள் முழுச் செம்பா, அலுமினியத்தில் செம்பு பூசியதா? பூச்சுக்கு முன் ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள்.