மார்வாரிக் குதிரை 64 இஞ்ச்னு சொன்னாங்க, வீட்டுல அளந்தா ஒவ்வொரு தடவையும் ஒரு உயரம் வருது. எது சரி?

கேள்வி – புதுலாயம்
மார்வாரி பெண் குதிரை, 5 வயசு. வித்தவர் தையல் டேப்பைக் குளம்புல இருந்து தோள் மேல வளைச்சுப் பிடிச்சு 64 இஞ்ச் காட்டினார். நான் அதே மாதிரி அளந்தா காலையில 63, சாயங்காலம் 62. குதிரை உயரத்தை ஹேண்ட்ங்கற அலகுல சொல்றாங்க, அது 4 இஞ்ச். 62-ஐ 4-ஆல வகுத்தா 15.5 ஹேண்ட். அப்படி ஒரு உயரமே கிடையாதுங்கறாங்க. எப்படித்தான் அளக்கறது? 78 கிலோ ஆள் ஏறலாமா?

பதில் – லாடக்காரன்
டேப்பை விடுங்க தம்பி. அது தோள் சதையோட வளைவையும் சேர்த்து அளக்கும், ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் சும்மாவே ஏறிடும். தரையில இருந்து தோள்மேட்டுக்கு நேர்க்குத்தா என்ன உயரமோ, அதுதான் கணக்கு. தலை உயரம் சேராது.

தோள்மேடுங்கறது பிடரி மயிர் முடியற இடத்துக்குப் பின்னாடி, சேணத்துக்கு முன்னாடி இருக்கிற எலும்பு. குதிரையைத் தலை குனிய வெச்சுத் தடவிப் பாருங்க, எலும்பு நல்லாத் தட்டுப்படும். உச்சியில சாக்பீஸால குறி போட்டுட்டு, தலையைச் சாதாரண நிலைக்குக் கொண்டு வாங்க.

சிமெண்ட் தரை வேணும். முன்கால் நிக்கற இடத்துலயும் அளவுகோல் ஊணற இடத்துலயும் ரசமட்டம் வெச்சுப் பாருங்க. லாயத்துத் தரையைத் தண்ணி ஓட வாட்டம் வெச்சுத்தான் போட்டிருப்பாங்க, பாதித் தப்பு அங்கேயே வந்துடும். நேரான மர ரீப்பர்ல ஸ்டீல் டேப்பை ஒட்டி, மூலைமட்டம் வெச்சு ஒரு குறுக்குச் சட்டம் மேலும் கீழும் நகரற மாதிரி பண்ணிக்குங்க. சட்டத்து மேலயும் ரசமட்டம் இருக்கணும். முன்கால் ரெண்டும் செங்குத்தா, குளம்பு நுனி ஒரே கோட்டுல. காலை அகட்டி நின்னா உயரம் குறையும். பின்கால் ரெண்டுலயும் பாரம் இருக்கணும்.

காலை, சாயங்கால வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கு. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்கால் ரெண்டுக்கும் நடுவுல உடம்பு தசையிலதான் தொங்குது. மிரண்டு விறைச்சு நின்னா உயரம் ஏறும், தளர்ந்தா இறங்கும். அதனால ஆள் பழகி அமைதியான பிறகு நாலஞ்சு தடவை அளந்து, திரும்பத் திரும்ப வர்ற அளவை எடுங்க. லாடம் அடிச்சிருந்தா சுமார் 1 செ.மீ. கழிங்க. குளம்பு வெட்டாம வளர்ந்திருந்தா அதுவும் உயரமாத்தான் காட்டும்.

பதில் – கணக்குப்பிள்ளை
ஒரு ஹேண்ட் 4 இஞ்ச், 10.16 செ.மீ. புள்ளிக்குப் பின்னாடி வர்றது தசமம் இல்ல, மீதி இஞ்ச். 62 இஞ்ச்னா 15 ஹேண்டும் 2 இஞ்சும், எழுதறது 15.2. 15.3-க்கு அடுத்தது 16. கால்குலேட்டர்ல வகுத்தா 15.5-தான் வரும், அதை அப்படியே எழுதக் கூடாது. குழப்பமே வேண்டாம்னா செ.மீ.ல எழுதி வைங்க. சர்வதேசப் போட்டியில போனிக்கு (குட்டை ரகக் குதிரைக்கு) உயர வரம்பே செ.மீ.ல தான்: லாடம் இல்லாம 148, லாடத்தோட 149. அந்த எல்லைகிட்ட இருக்கிற குதிரைக்கு அரை இஞ்ச் பெரிய விஷயம். உங்களுக்கு விலை பேசத்தான் உதவும்.

புதுலாயம்
ரீப்பர் செஞ்சு அளந்தாச்சு. அஞ்சு தடவையில நாலு 157, லாடத்தோட. அப்போ 156 செ.மீ.

பதில் – லாடக்காரன்
சுமார் 61.4 இஞ்ச். 15.1-க்கும் 15.2-க்கும் நடுவுல. மார்வாரிக்குக் குறைச்சலான உயரம் இல்ல.

ஆள் ஏறறதுக்கு உயரத்தைப் பார்க்காதீங்க, எடையைப் பாருங்க. முன்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி, மூச்சு விடும்போது அளங்க. இதுக்குத் தையல் டேப்பேதான் சரி. அப்புறம் தோள் முனையில இருந்து (தோள்மேடு இல்ல, நெஞ்சுப் பக்கம் முன்னாடி துருத்தற எலும்பு) பிட்டத்து எலும்பு முனை வரைக்கும் நீளம். ரெண்டும் செ.மீ.ல. சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,877 = கிலோ.

புதுலாயம்
சுற்றளவு 168, நீளம் 150.

பதில் – கணக்குப்பிள்ளை
சுமார் 356 கிலோ. சேணத்தோட சேர்த்து அதுல 20 சதவீதத்துக்குள்ள சுமக்க வைக்கறதுதான் வழக்கம், அதாவது 71 கிலோ. சேணம் 8 கிலோன்னா ஆள் 63-க்குள்ள இருக்கணும். 78 கிலோ ஆள் வேண்டாம். குடற்புழு மருந்துக்கும் இதே 356-ஐ டாக்டர்கிட்ட சொல்லுங்க, 64 இஞ்ச் குதிரைன்னு சொல்லி மருந்து கேக்காதீங்க.