ஒரு கன அடி என்றால் இரண்டு குடம்

சித்தி: எல்லாருக்கும் காலை வணக்கம். அடுத்த மாதம், மாசியில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை தாமிரபரணிக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். வெள்ளத்தைப் பற்றிய களப்பணி. பள்ளியில் கேட்டால் "போர்ஷனே முடியவில்லை, ஆற்றில் என்ன வேலை" என்கிறார்கள். அதனால் அங்கே செய்யும் ஒவ்வொரு வேலையும் எந்தப் பாடத்துக்கு என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். உங்கள் உதவியும் வேண்டும்.

அக்கா: சித்தி, நம்ம பையனும் அந்த வகுப்புதானே. பிள்ளைகளை ஆற்றில் இறக்குவீர்களா? எனக்கு அதுதான் பயம்.

சித்தி: ஒரு பிள்ளையும் இறங்காது. எல்லாம் படித்துறைக்கு மேலே நின்றுதான். கம்பு ஊன்றி ஆழம் பார்ப்பது நானும் பி.டி. சாரும் மட்டும், அதுவும் முழங்கால் தண்ணீரில். அணையில் தண்ணீர் திறக்கிறார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுவேன்.

தம்பி: மாசியில் ஆறு அமைதியாகத்தானே ஓடும். அப்போது போய் வெள்ளத்தைப் பற்றி என்ன படிப்பது?

சித்தி: அப்போதுதான் படிக்க முடியும், ஐயா. வெள்ளம் வந்து போன தடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கரையில் படிந்த வண்டல், மரக்கிளையில் சிக்கிய பழைய சேலை, கோயில் சுவரில் கறை. 'புவி புறச்செயல்முறைகள்' பாடத்தில் ஆற்று வளைவு, ஆறு பாதை மாறியதும் தனியாக நின்றுபோன வளைவான குருட்டு ஆறு, வெள்ளம் வந்தால் பரவுகிற கரையோர நிலமான வெள்ளச் சமவெளி எல்லாம் இருக்கிறது. வெள்ளச் சமவெளி என்றால் என்ன என்று எழுதி முழு மார்க் வாங்குகிற பிள்ளைக்கு, தான் குடியிருக்கும் தெருவே அதில்தான் இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்கு அது ரொம்ப நாளாக உறுத்துகிறது.

பெரியப்பா: தாயி, கன அடி கணக்கைச் சொல்லிக்கொடு. செய்தியில் ஆயிரம் கன அடி, லட்சம் கன அடி என்று வாசிக்கிறார்கள், யாருக்கும் மனதில் நிற்பதில்லை. ஒரு கன அடி என்பது 28 லிட்டர். பெரிய குடத்துக்கு 14 லிட்டர் வைத்தால் இரண்டு குடம். வினாடிக்கு 1,000 கன அடி திறந்தார்கள் என்றால், ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் 2,000 குடம் கவிழ்க்கிற மாதிரி. மதகுப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் புதிதாக வரும் பையன்களுக்கு இப்படித்தான் சொல்வேன்.

சித்தி: அத்தான், இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்! நாங்கள் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு 10 மீட்டர் போக எத்தனை வினாடி என்று மூன்று தடவை பார்ப்போம். 25 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். அகலம் 20 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர் என்றால் வினாடிக்கு 4 கன மீட்டர், ஏறக்குறைய 140 கன அடி. மேல்தண்ணீர்தான் வேகமாக ஓடும், அதனால் கொஞ்சம் கழிக்க வேண்டும். கணக்கு டீச்சரும் வருகிறேன் என்றிருக்கிறார்.

அப்புறம் இன்னொன்று. அடியை வெட்டிய டப்பாவை மண்ணில் அழுத்தி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பது. வயலில் ஒரு இடம், பள்ளி மைதானத்தில் ஒரு இடம். சிமெண்ட் தெருவில் சும்மா ஊற்றினாலே போதும், ஓடிவிடும். எட்டாம் வகுப்பு நீரியல் சுழற்சியில் படித்த ஊடுருவலும் வழிந்தோடலும் இதுதான்.

தம்பி: ஆனால் 2023 டிசம்பரில் தாமிரபரணியில் அவ்வளவு வெள்ளம் வந்தது அணையைத் திறந்ததால்தானே?

சித்தி: அது ஒரு பங்கு. ஆனால் டிசம்பர் 18 காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது ஏறக்குறைய 95 செ.மீ. அது கடற்கரை ஊர். பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் மேற்கே மலையடிவாரத்தில். வழக்கமாக மலையில் பெய்து தண்ணீர் கீழே வரும், அந்தத் தடவை சமவெளியிலேயே கொட்டியது, குளங்கள் உடைந்தன. மழை அளவை வரைபடத்தில் குறிக்கச் சொன்னால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், நான் சொல்லவே வேண்டாம். வளிமண்டலப் பாடம், நிலவரைபடப் பாடம் இரண்டும் அதில் வந்துவிடும்.

பெரியப்பா: திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலைக் காட்டாமல் வராதே. ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது, வெள்ளம் எத்தனை தடவை மூழ்கடித்திருக்கும்! தண்ணீர் வருகிறது என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். பேரிடர் மேலாண்மைப் பாடத்துக்கு அதைவிட என்ன வேண்டும்.

அத்தை: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். ஸ்ரீவைகுண்டத்துக்கும் கூட்டி வா. எங்கள் வீட்டுச் சுவரில் அன்றைக்குத் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவனிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அந்த வெள்ளத்தில் இங்கே நின்றுபோன ரயிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்ததைப் பிள்ளைகள் கேட்கட்டும்.

சித்தி: மதினி, அந்தக் கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரம்?

அத்தை: என் நெஞ்சு வரைக்கும். டேப் வைத்துப் பார்த்ததில்லை.

சித்தி: பார்க்க வேண்டாம், பிள்ளைகளே அளக்கட்டும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அளந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரிந்துவிடும்.

அக்கா: சித்தி, சம்மதக் கடிதத்தில் நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன். கயிறு, முதலுதவிப் பெட்டி என் பொறுப்பு.

அத்தை: எத்தனை பிள்ளைகள்?

சித்தி: 42 பேர், மதினி.

அத்தை: சரி. மோரும் புளிச்சாதமும் செய்துவைக்கிறேன். தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்.