கனஅளவு: மாணவர்களின் தவறான விடைகள் காட்டிக்கொடுப்பவை

1 செ.மீ. கட்டைகளால் அடுக்கிய 3×4×5 கனச்செவ்வகத்தின் படத்தைக் காட்டி, எத்தனை கட்டை என்று கேட்டுப் பாருங்கள். 60 வரும், கூடவே 47, 94 என்ற இரண்டும் வரும். 47 என்றால் படத்தில் தெரியும் மூன்று முகங்களின் சதுரங்களை (12+15+20) எண்ணியிருக்கிறார்கள். 94 என்றால் ஆறு முகங்களையும். மூலைக்கட்டை மூன்று முறை எண்ணப்பட்டிருக்கும்; வெளியே தெரியாமல் நடுவில் இருக்கும் 1×2×3 = 6 கட்டைகள் கணக்கிலேயே வந்திருக்காது. இந்த இடத்தில் சூத்திரத்தை எடுத்துக் கொடுத்தால் விடை சரியாகும், பார்வை மாறாது. அடியடுக்கை மட்டும் கட்டச் சொல்லுங்கள்: 12. இதுபோல் எத்தனை அடுக்கு? 5. அதற்குப் பிறகு நீளம்×அகலம்×உயரம் தானாக வரும்.

—

அடுக்கு புரிந்தவர்களும் உருளையில் தடுமாறுவார்கள். ஒரே அளவுள்ள இரண்டு ஏ4 அட்டைகளை (21×29.7 செ.மீ.) ஒன்றை நெட்டையாக, மற்றதைக் குட்டையாகச் சுருட்டினால், "ஒரே அட்டைதானே, கொள்ளளவும் ஒன்றுதான்" என்பார்கள். வளைபரப்புதான் ஒன்று. நெட்டை சுமார் 1042 கன செ.மீ., குட்டை 1474.

செய்து காட்டக் குட்டையைத் தட்டில் ஒட்டி நிறுத்தி, அதற்குள் நெட்டையை வைத்து, உலர்ந்த மணலால் நெட்டையை நிரப்பி, மெதுவாக மேலே உருவுங்கள். 29.7 செ.மீ. நின்ற மணல் 14.85-க்கு இறங்கிவிடும்; சரிபாதி! சுருட்டும்போது விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளியே டேப் ஒட்டுங்கள். நெட்டையில் ஒரு விளிம்பு மற்றதன் மேல் 1 செ.மீ. ஏறினாலே கொள்ளளவு 9 விழுக்காடு குறையும். மெல்லிய தாள் வேண்டாம், மணல் பாரத்தில் பிதுங்கும்.

—

அடி ஆரமும் உயரமும் ஒன்றாக இருந்தால், கூம்பால் மூன்று முறை ஊற்றினால் உருளை நிறைய வேண்டும். செய்து பார்த்தும் நிறையவில்லையா? சாயுயரத்தை (உச்சியிலிருந்து அடிவிளிம்பு வரை சரிவாக அளக்கும் நீளம்) உயரமாக எடுத்து வெட்டியிருப்பார்கள். ஆரம் 3, உயரம் 5 உள்ள உருளைக்குச் சாயுயரம் 5 என்று கூம்பு செய்தால் அதன் உயரம் 4தான். மூன்றேமுக்கால் முறை ஊற்ற வேண்டியிருக்கும். உயரமும் 5 ஆக வேண்டுமென்றால் சாயுயரம் √34, அதாவது 5.83.

—

அலகுமாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1 கன மீட்டருக்கு 100 கன செ.மீ. என்று எழுதுபவர்களிடம் அதே அடுக்குக் கேள்வியைக் கேட்டால் போதும்: அடியடுக்கில் 100×100, அப்படி 100 அடுக்கு. 10,00,000.