ஓதம் ஓரிடம், ஓட்டை வேறிடம்

கும்பகோணத்தில் எங்கள் வீடு 1974இல் தாத்தா கட்டியது. மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே சாமி ரூம். அங்கே சுவரில் ஓதம் ஏறுவது ஐப்பசி மழையால்தான் என்று ரெண்டு வருஷம் விட்டுவிட்டோம். போன கத்திரி வெயிலிலும் சுவர் நனைந்திருந்தது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

வந்த பிளம்பர் மேலே போய் எட்டிப் பார்த்துவிட்டு, "தரை டைல்ஸ் மொத்தமும் உடைக்கணும் சார்" என்றார். நல்லவேளை, பக்கத்துத் தெரு கொத்தனார் ஒருவர், அப்பா காலத்து ஆள், தடுத்தார். "உடைக்கிறதை எப்ப வேணா உடைக்கலாம் தம்பி. மொதல்ல வர்ற தண்ணியா, போற தண்ணியான்னு பாரு."

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்தேன். காலையில் ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஆக, வரும் குழாயில் கோளாறு இல்லை. அடுத்து, மூன்று நாள் பாத்ரூமைப் பூட்டிவிட்டு, ஓதத்தின் ஓரத்தைச் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்தேன். தரைத் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பில் ஈரத்துணியைப் பாலித்தீனில் சுற்றி அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டினேன். மறுநாள் வரை கோடு தாண்டவில்லை. டைல்ஸ் குற்றவாளி இல்லை!

பிறகுதான் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து டிராப்பில் ஊற்றினேன். பின்பக்கச் சந்தில் இறங்கும் வார்ப்பிரும்புக் குழாய் முன்பக்கம் பெயிண்ட் அடித்து ஜம்மென்று இருந்தது. ஷேவிங் கண்ணாடியைக் குழாய்க்குப் பின்னால் பிடித்து டார்ச் அடித்தால், முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் துரு தின்ற விரிசல். அதிலிருந்து நீலமாக ஒழுகுகிறது. ஐம்பது வருஷமாகச் சுவரை ஒட்டி இருந்த அந்தப் பக்கத்துக்குப் பிரஷ் போனதே இல்லை. அந்தத் தண்ணீர் செங்கலுக்குள் ஊறி, நாலடி கீழே சாமி ரூமில் எட்டிப் பார்த்திருக்கிறது.

இன்னொன்று. அந்தக் குழாயின் இணைப்பில் முளைத்த அரசங்கன்றை அம்மா வருஷா வருஷம் கிள்ளிப்போடுவார். வெயில் காலத்தில் குழாய் இடுக்கில் அது ஏன் வாடாமல் நிற்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

பழைய குழாய்களைச் சணல் திணித்து, ஈயம் காய்ச்சி ஊற்றி இணைத்திருந்தார்கள். சுத்தியல் பட்டால் சிதறும் என்று, கயிறு கட்டி, மேலிருந்து கிரைண்டரால் துண்டு துண்டாக அறுத்து இறக்கினோம். பதிலுக்கு 110 மி.மீ. பிவிசி, ரப்பர் வளையம் வைத்தது. கடைசிவரை செருகிவிட்டுச் சுமார் 10 மி.மீ. பின்னுக்கு இழுக்கச் சொன்னார் கொத்தனார். வெயிலில் குழாய் நீள இடம் வேண்டுமாம். கிளாம்ப் சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி.

என் முட்டாள்தனம்: சுவர் காயுமுன், ஒரே வாரத்தில் பெயிண்டுக்கு முன் பூசும் புட்டியை அடித்தேன். அத்தனையும் உப்பி, உப்புப் பூத்து உதிர்ந்தது.

* * *

காரைக்குடியிலிருந்து எழுதறேன். எங்களுக்குத் தரைக்கு அடியில பிரச்சனை. பழைய பீங்கான் குழாய், சிமெண்ட் இணைப்பு. முற்றத்துல ஒரு மூலை மட்டும் எப்பவும் சதசதன்னு இருக்கும். கீழ்ச் சேம்பர்ல (கழிவுக் குழாய் வந்து சேர்ற தொட்டி) மணல் மூட்டையை அடைச்சு, மேல் சேம்பர் வழியா குழாயை நிரப்பிட்டுக் காத்திருந்தோம். கண்ணெதிரே மட்டம் இறங்குச்சு. தோண்டினா, வேப்பமர வேர் இணைப்பு வழியா உள்ள பூந்து சடை மாதிரி கிடக்கு.

புதுசு போடும்போது வாட்டம்தான், அதாவது குழாயோட சரிவுதான் முக்கியம். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒண்ணு, அதாவது பத்தடிக்கு மூணு அங்குலம். டியூப்ல தண்ணி மட்டம் பிடிச்சுப் பாருங்க. பிளம்பர் கண்ணை மட்டும் நம்பாதீங்க.

* * *

சென்னை, பழைய அடுக்குமாடி. நீலத்துக்குப் பதில் மஞ்சள்தூள் போட்டேன். துரு நிறத்தோட கலந்து ஒண்ணும் தெரியலை. 😀 நீலம் போட்டதும் எங்க சீலிங்ல கறை இறங்குச்சு. ஆறு மாசமா "எங்க வீட்டுத் தண்ணி இல்லை"ன்னு சொன்ன மேல்வீட்டு அக்கா அன்னிக்கே ஆளைக் கூப்பிட்டாங்க. அவங்க டிராப்புக்கும் குழாய்க்கும் நடுவுல இணைப்பு விட்டிருந்தது. உடைச்சது ரெண்டே ரெண்டு டைல்.

கும்பகோணத்துக்காரரே, புட்டியை அப்புறம் என்ன செஞ்சீங்க?

* * *

சுரண்டி எடுத்துவிட்டு, உப்பைப் பிரஷ்ஷால் தட்டி, செங்கல் தெரியப் பூச்சைக் கொத்திவிட்டோம். மாசி வரைக்கும் சுவரை அப்படியே விட்டேன். சாமி படங்கள் அதுவரை ஹாலில் டிவி பக்கத்தில்தான் இருந்தன. அம்மாவிடம் வாங்கிய திட்டைத் தனியாக எழுதணும்.