கத்தி வைக்காமல் வால்வு: எங்கள் குடும்பக் குழுவில்

சேகர்: அப்பாவின் எக்கோ வந்துவிட்டது. அயோர்ட்டிக் வால்வு, அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசல், ரொம்பச் சுருங்கிவிட்டதாம். பரப்பு 0.7 சதுர செ.மீ. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது இதனால்தான். மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர்.

மீனா அத்தை: ஐயோ, 76 வயதில் அண்ணனுக்கு நெஞ்சைப் பிளப்பதா? மாத்திரையில் பார்க்கக் கூடாதா?

முரளி சித்தப்பா: பதறாதே அக்கா. இப்போதெல்லாம் தொடை வழியாகவே வைத்துவிடுகிறார்கள். டாவி என்று பெயர். ஒரு மணி நேர வேலை, மறுநாள் நடக்கலாம், ரிஸ்க்கே கிடையாது. வீடியோ போட்டிருக்கிறேன், பார்.

நிவேதா: டூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். அத்தை, மாத்திரைக்கு இது கேட்காது. வால்வில் கால்சியம் படிந்து கெட்டியாகிவிட்டது. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகும் அப்படியே விட்டால் இரண்டு வருடத்தில் பாதிப் பேர் போய்விடுகிறார்கள்.

நிவேதா: சித்தப்பா, வீடியோவில் மற்றதெல்லாம் சரி. "ரிஸ்க்கே கிடையாது" என்பதுதான் தப்பு.

முரளி சித்தப்பா: இதயத்துக்குக் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் கேத் லேபில் வேலை பார்ப்பவள் வந்துவிட்டாள் 😄 சொல்லும்மா.

நிவேதா: 2002-இல் பிரான்சில் அலேன் கிரிபியே முதன்முதலாகச் செய்தது, ஆபரேஷன் தாங்காது என்று எல்லோரும் கைவிட்ட ஒருவருக்கு. இப்போது தெம்பாக இருப்பவர்களுக்கும் செய்கிறார்கள். அப்படிப்பட்டவர்களை வைத்து நடந்த பார்ட்னர் 3 ஆய்வு 2019-இல் வந்தது. மரணம், பக்கவாதம், திரும்ப அட்மிட் ஆவது மூன்றையும் சேர்த்தால் முதல் வருடத்தில் டாவியில் 8.5 சதவீதம், நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷனில் 15.1. ஐந்தாம் வருடத்தில் 22.8, 27.2. அதாவது போகப் போக இடைவெளி குறைகிறது.

சேகர்: அப்படியென்றால் டாவியே போதுமே?

நிவேதா: பெரியப்பாவின் ஈசிஜியை அனுப்புங்கள் அண்ணா.

சேகர்: 📷

நிவேதா: ம். ஆர்பிபிபி இருக்கிறது. இதயத்தின் மின்துடிப்பு போகும் வலப்பக்கப் பாதை ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. இடப்பக்கப் பாதை வால்வுக்கு அடியிலேயே ஓடுகிறது. புது வால்வு விரியும்போது அதையும் அழுத்தினால், இதயத்தைத் துடிக்க வைக்கும் கருவியான பேஸ்மேக்கர்தான். இதே மாதிரி ஆய்வுகளில் முதல் மாதத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், பலூனால் விரியும் வால்வில் சுமார் 7 சதவீதம், தானாக விரியும் வகையில் 17. இந்த ஈசிஜி இருந்தால் அதைவிடக் கூடுதல். டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

மீனா அத்தை: வேறு என்னவெல்லாம் வரும்? மறைக்காமல் சொல்.

நிவேதா: தொடை ரத்தக்குழாய் கிழியலாம், வால்வின் ஓரத்தில் கசியலாம். ஆபரேஷனில் இவை குறைவு. ஆனால் ரத்தப்போக்கும் துடிப்பு தாறுமாறாவதும் அதில் அதிகம். பக்கவாத பயம் இரண்டிலும் உண்டு.

நிவேதா: பலூனை விரிக்கும் சில நொடிகள் இதயத்தை நிமிடத்துக்கு 180-க்கு மேல் துடிக்க வைப்போம், வால்வு நகராமல் உட்கார. அந்த வேகத்தில் ரத்தம் சரியாக வெளியே போகாது. மானிட்டரில் பிரஷர் கோடு அப்படியே படுத்துவிடும். அது மறுபடி எழும் வரை லேபில் யாரும் பேச மாட்டோம்.

பெரியப்பா: எல்லாம் படித்தேன். வால்வு எதில் செய்தது?

நிவேதா: மாட்டு இதயத்தின் மேலுறை, பெரியப்பா. சில கம்பெனியில் பன்றி.

பெரியப்பா: அம்மா இருந்திருந்தால் என்னை அடுப்படிக்குள் விட்டிருக்க மாட்டாள் 😀

முரளி சித்தப்பா: வெளிநாட்டு வால்வு பல லட்சம் ஆகுமே?

நிவேதா: நம் நாட்டிலேயே, குஜராத்தில் வாபியில் மைவால் என்று செய்கிறார்கள். 2024-இல் வந்த ஆய்வில் முதல் 30 நாள் கணக்கில் வெளிநாட்டு வால்வுகளுக்கு அது சளைக்கவில்லை. செலவு எப்படியும் லட்சங்களில்தான். இன்ஷூரன்ஸில் எவ்வளவு தருவார்கள் என்று இப்போதே எழுதி வாங்குங்கள்.

பெரியப்பா: பேஸ்மேக்கர் வைத்தால் தோட்டத்தில் மோட்டார் ஸ்விட்ச் போடலாமா?

நிவேதா: தாராளமாக. வெல்டிங் பட்டறைப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

சேகர்: வியாழன் சிடி ஸ்கேன். வெறும் வயிற்றிலா?

நிவேதா: அதை அங்கேயே கேளுங்கள். படம் தெளிவாக விழ மருந்து ஏற்றி எடுப்பது, அதைக் கிட்னி தாங்குமா என்று பார்க்க கிரியாட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.