ஹென்றி கவ் குழுவைக் கலைத்தது கூட்டங்களா, பாடல்களா?

நெடும்பாடல்:
ஹென்றி கவ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ‘வர்ஜின் இசைத்தட்டு நிறுவனம் கைவிட்டது, பங்க் ராக் அலை வந்தது, குழு உடைந்தது’ என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. 1968இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் ஃப்ரித்தும் டிம் ஹாட்ஜ்கின்சனும் தொடங்கிய குழு அது. பத்தாண்டுகளில் அதை உள்ளிருந்தே அரித்தவை அவர்களுடைய கூட்டங்கள். எதையும் கூடிப் பேசித்தான் முடிவெடுப்பார்கள். ஒருவர் எழுதிவந்த இசையை எல்லோருமாக அலசுவார்கள். அதில் தப்பிப் பிழைப்பதற்கே தனித் தெம்பு வேண்டும்.

ஸ்லாப் ஹாப்பி என்ற மூவர் குழுவோடு இணைந்த கதையையே பாருங்கள். 1974இன் இறுதியில் சேர்ந்தார்கள். ஹாட்ஜ்கின்சனின் நீண்ட படைப்பு ஒன்றுக்கு வரிகள் எழுதும் பொறுப்பு அந்த மூவரில் ஒருவரான பீட்டர் ப்ளெக்வாடிடம் போனது. அவர் எழுதியது ஒத்துவரவில்லை, கடைசியில் ஹாட்ஜ்கின்சனே எழுதிக்கொண்டார். 1975 வசந்தத்துக்குள் ப்ளெக்வாடும் அந்தோனி மூரும் வெளியே. பாடகி டாக்மர் கிரவுசா மட்டும் தங்கினார். விளையாட்டுத்தனமாக எழுதத் தெரிந்த ஒரு கவிஞருக்கு அங்கே இடமில்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஊதுகுழல்:
அந்தக் கூட்டங்கள் இல்லாவிட்டால் நீங்கள் விரும்பும் இசையே இருந்திருக்காது, நண்பரே. 1974இல் வந்த ‘அன்ரெஸ்ட்’ தட்டின் இரண்டாம் பக்கத்தைக் கேளுங்கள். ஒலிப்பதிவுக்குப் போனபோது முழுத் தட்டுக்குப் போதுமான இசை கையில் இல்லை. கூடத்திலேயே வாசித்து, நாடாவை வெட்டி ஒட்டி, சுழலவிட்டு, வேகத்தை மாற்றி ஒரு பக்கத்தை உருவாக்கினார்கள். ஒருவர் காதை மற்றவர் நம்பாத குழுவுக்கு இது கைகூடாது.

பஸூன் என்ற மரக்குழல் வாசித்த லிண்ட்சே கூப்பரையும் மறந்துவிட்டீர்கள். பஸூன் ஒரு முரட்டு டிரம்ஸுக்குப் பக்கத்தில் காணாமல் போகிற கருவி. ஆனால் இந்தக் குழுவில் அதன் அடிக்குரல் தனியாகத் தெரிகிறது. டிரம்மர் கிறிஸ் கட்லர் தாளத்தைக் கட்டிப்போடாமல் இடைவெளி விட்டு வாசிப்பதால்தான் அது தெரிகிறது. அடுத்தவருக்கு இடம் விடும் அந்தப் பழக்கமும் பேசிப் பேசித்தான் வந்தது என்பேன்.

தாளக்கட்டு:
இருவருமே பணத்தைத் தொடவில்லை. 1973இல் வர்ஜின் இவர்களை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டில்தான் மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘டியூபுலர் பெல்ஸ்’ தட்டு அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. அப்படி ஒரு வெற்றியைப் பார்த்த முதலாளிக்கு பஸூன் வாசிக்கும் குழு எத்தனை நாள் இனிக்கும்? நாளடைவில் வர்ஜினின் ஆர்வம் வற்றியது. இவர்கள் பழைய பஸ்ஸில் கருவிகளை ஏற்றிக்கொண்டு, தாங்களே நிகழ்ச்சி பிடித்து, இத்தாலியிலும் பிரான்ஸிலும் சுற்றிப் பிழைத்தார்கள். சாலையிலேயே வாழ்ந்தால் எந்தக் குழுவும் களைத்துப் போகும். 1976இல் பேஸ் கிதார் வாசித்த ஜான் கிரீவ்ஸ் விலகினார். 1977 அக்டோபரில் கிரவுசா உடல்நலம் கருதி ஒதுங்குவதாகச் சொல்லிவிட்டார். களைப்புக்குக் கொள்கை விளக்கம் தேடாதீர்கள்.

நெடும்பாடல்:
களைப்பு உண்மைதான். ஆனால் உடைந்த இடம் அது இல்லை. 1978 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் கிர்ஷ்பெர்க்கில் உள்ள சன்ரைஸ் கூடத்தில் புதிய தட்டுக்காகப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் சின்னச் சின்னப் பாடல்கள். ஃப்ரித்தின் இசை, கட்லரின் வரிகள், கிரவுசாவின் குரல். பதிவான பிறகு ஹாட்ஜ்கின்சனும் கூப்பரும், ‘இது ஹென்றி கவ் தட்டு ஆகாது’ என்றார்கள். அந்தக் குரலில் அவ்வளவு அழகாக அமைந்த பாடல்களைக் குழுவின் பெயரில் வெளியிட முடியாமல் போயிற்று. கூட்டத்தின் சாதனை இதுதானா?

பழந்தட்டு:
இடையில் ஒரு வார்த்தை. வர்ஜின் வெளியிட்ட மூன்று ஸ்டூடியோ தட்டுகளின் அட்டையிலும் ஓவியர் ரே ஸ்மித்தின் காலுறை ஓவியம் இருக்கும். 1979இல் குழுவின் சொந்த முத்திரையான பிராட்காஸ்ட்டில் வந்த ‘வெஸ்டர்ன் கல்ச்சர்’ அட்டையில் காலுறை இல்லை. கடையில் அடுக்கிய தட்டுகளைப் புரட்டுகிறவனுக்கே தெரியும், இது வேறு குழு என்று. தொடருங்கள்.

ஊதுகுழல்:
நெடும்பாடல், நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தப் பாடல்கள் பெட்டிக்குள் போய்விடவில்லை. ஃப்ரித், கட்லர், கிரவுசா மூவரும் லண்டனில் மேலும் சில பாடல்களைப் பதிவுசெய்து சேர்த்து, அதே 1978இல் ஆர்ட் பேர்ஸ் என்ற பெயரில் ‘ஹோப்ஸ் அண்ட் ஃபியர்ஸ்’ என்று வெளியிட்டார்கள். எதிர்ப்புச் சொன்ன ஹாட்ஜ்கின்சனும் கூப்பரும் வாசித்தது அந்தத் தட்டில் அப்படியே இருக்கிறது. கோடையில் அதே சன்ரைஸ் கூடத்துக்குத் திரும்பிப் போய், ஒரு பக்கம் ஹாட்ஜ்கின்சன், மறுபக்கம் பெரும்பாலும் கூப்பர் என்று குரலே இல்லாத ‘வெஸ்டர்ன் கல்ச்சர்’ தட்டைப் பதிவு செய்தார்கள். பிரிவது என்று முடிவெடுத்த பின்பும் ஏறக்குறைய ஆறு மாதம் சேர்ந்து சுற்றி, புதிய இசையை மேடைகளில் வாசித்துப் பழகியதன் பலன் அது. ஒரு சண்டையிலிருந்து இரண்டு நல்ல தட்டுகள்! பேசிப் பழகாத குழுக்கள் பிரிந்தால் வழக்கறிஞர்கள்தான் மிச்சம்.

தாளக்கட்டு:
அந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையில், மார்ச் 12 அன்று, லண்டனில் ‘ராக் இன் ஆப்பொசிஷன்’ விழாவையும் நடத்தினார்கள். இத்தாலி, ஸ்வீடன், பெல்ஜியம், பிரான்ஸ் என்று நான்கு நாடுகளிலிருந்து நான்கு குழுக்கள், ஐந்தாவதாக இவர்கள். பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத இசைக்கு ஒரு கூட்டணி கட்டிய கையோடு தாங்களே கலைந்தார்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

ஊதுகுழல்:
வலி எனக்கும் உண்டு. ஆனால் கட்லர் அதே ஆண்டில் ரெகமெண்டட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி அந்த வேலையைத் தொடர்ந்தார். இன்னொன்று: பாடல்களே பிடிக்காதவர் என்று கூப்பரை நினைத்துவிட வேண்டாம். 1980களில் நியூஸ் ஃப்ரம் பேபல் குழுவில் கட்லரின் வரிகளுக்கு இசையமைத்தவர் கூப்பர். பாடியவர் கிரவுசா. 1978இல் அவர் மறுத்தது பாடலை அல்ல. குழுவில் பாதிப் பேரின் இசை இல்லாத ஒரு தட்டுக்குக் குழுவின் பெயரை வைப்பதைத்தான் மறுத்தார்.

நெடும்பாடல்:
நல்ல சான்று. ஆனால் அது என் பக்கம்தான் சாய்கிறது. அதே கூப்பர், அதே கட்லர், அதே கிரவுசா. எல்லோரும் ஒப்ப வேண்டும் என்ற அந்தக் கூட்டத்தை விட்டு வெளியே வந்ததும் மூவராலும் சேர்ந்து பாடல்கள் செய்ய முடிந்திருக்கிறது. உள்ளே இருந்தவரை ஏன் முடியவில்லை? இதற்குப் பதில் சொல்லுங்கள், ஊதுகுழல்.