2 லட்சத்துக்குள் டிசைன், வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டர்: எதில் காசைப் போடுவது?

ஹட்டன் டிசைன்:
வணக்கம். டவுனில் சின்னதாக ஒரு கடை போடப் போகிறோம். கல்யாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், பிளெக்ஸ் பேனர், கூடவே கல்யாண வீடியோ, மாசியில் காமன் கூத்து (இரவு முழுக்க ஆடும் நாட்டுக்கூத்து) ரெக்கார்டிங். கேமரா 4கே எடுக்கும். மானிட்டரோடு சேர்த்து 2 லட்சம் ரூபாய்தான் இருக்கிறது. ஒரு கடையில் ஆறாம் தலைமுறை ஐ7, 8 ஜிபி ரேம் போட்ட பழைய ஆபீஸ் சின்னப் பெட்டியைக் காட்டி, "ஐ7, எதையும் இழுக்கும்" என்கிறார்கள். வாங்கலாமா?

கொட்டகலை எடிட்டர்:
வாங்காதீங்க. ஐ7 என்ற பெயரை விடுங்க, தலைமுறையைப் பாருங்க. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேணும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. அந்தச் சின்னப் பெட்டிகளில் பவர் சப்ளை அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். போனால் வெளியில் வாங்கிப் போட முடியாது, முழு உயரக் கிராபிக்ஸ் கார்டும் உள்ளே போகாது.

புதுசாக ஐ5-12400 (இன்டெலின் 12ஆம் தலைமுறை பிராசஸர்) எடுங்க. கடைசியில் எஃப் எழுத்து இருக்கிற 12400எஃப் கொஞ்சம் மலிவாகத் தருவார்கள், ஏமாறாதீங்க. அதில் உள்கிராபிக்ஸ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்) இல்லை, அதனால் வீடியோவை வேகமாகக் கையாளும் குவிக் சிங்க் பகுதியும் இல்லை. இப்போதைய கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 எச்.இ.வி.சியில் (நிற விவரம் கூடுதலாக வைத்துச் சுருக்கும் வீடியோ வகை) எழுதுகின்றன. எஃப் இல்லாத 12400 அதை உள்கிராபிக்ஸிலேயே விரிக்கும். என்விடியாவில் 50 வரிசைக்கு முந்தின கார்டுகளால்கூட அது முடியாது. அந்த வசதி இல்லாவிட்டால் எடிட் பண்ணும்போது வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடும்.

ரேம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. இந்தப் பிராசஸருக்கு வரும் எச்610 மதர்போர்டில் ரேம் துளை 2தான். 8 ஜிபி இரண்டைப் போட்டால் அதோடு நிறைந்துவிடும். உள்கிராபிக்ஸுக்கு இரண்டு ரேமாகப் போடுவதுதான் வேகம், ஆனாலும் 32க்குப் போகிற எண்ணம் இருந்தால் இப்போ 16 ஒன்று, பிறகு அதே ரகத்தில் இன்னொன்று.

கூத்து விஷயத்தில் இடத்தைக் கணக்குப் பண்ணுங்க. 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரவு முழுக்க 6 மணி நேரம் ஓடினால் 270 ஜிபி. விண்டோஸுக்கும் சாப்ட்வேருக்கும் கையில் இருக்கிற வேலைக்கும் 500 ஜிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி), முடிந்த வேலைகளைப் போட்டு வைக்க தனியாக ஹார்ட் டிஸ்க். 4கே ஓட்டக் கனமாக இருந்தால் இரவில் பிராக்சி (எடிட் பண்ண மட்டும் சின்ன அளவு நகல்) போட்டு விடுங்க, காலையில் லேசாக வெட்டலாம்.

ஹட்டன் டிசைன்:
நன்றி அண்ணே. கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் தாங்குமா?

கொட்டகலை எடிட்டர்:
பிரீமியரில் வெட்டி ஒட்ட, போட்டோஷாப்பில் கார்ட் அடிக்கத் தாராளமாகத் தாங்கும். டாவின்சி ரிசால்வ் (இன்னொரு எடிட்டிங், கலர் சாப்ட்வேர்) என்றால் கிராபிக்ஸ் கார்ட் கட்டாயம். 4 ஜிபி கார்டில் 4கே கலர் போட்டால் கிராபிக்ஸ் மெமரி நிறைந்துவிட்டது என்று நின்றுவிடும், 8 ஜிபி வாங்குங்க. அதற்கு இடம் வைத்து நல்ல 550 வாட் பவர் சப்ளையை இப்போவே போடுங்க.

பதுளை பிரின்ட்:
மானிட்டரில் மிச்சம் பிடிக்காதீங்க. ஐபிஎஸ் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத திரை), எஸ்ஆர்ஜிபி (வழமையான நிற எல்லை) 99 சதவீதம் என்று எழுதியிருக்கணும். "45 சதவீதம் என்டிஎஸ்சி" (இன்னொரு நிற அளவு) என்று இருந்தால் வேணாம், குங்குமச் சிவப்பே வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்து நீங்கள் நிறத்தை ஏற்றி அடித்தால் பிளெக்ஸில் இரத்தச் சிவப்பாக வரும்.

தலவாக்கலை வயர்மேன்:
எல்லாரும் உள்ளே இருப்பதையே பேசுறீங்க. கரண்ட்டைப் பாருங்க. லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் எடுங்க, வோல்டேஜ் இறங்கினால் அதுவே சரிசெய்யும். யூபிஎஸ்ஸில் எழுதியிருக்கும் 650 விஏ என்பது வாட்டில் பெரும்பாலும் 390 அளவுக்குள்தான் இருக்கும். லேசர் பிரின்டரை அதில் மாட்டவே கூடாது. எம்பி4 வீடியோக் கோப்பின் அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும், அதனால் எடிட் பண்ணியதை எக்ஸ்போர்ட் பண்ணும்போது 98 சதவீதத்தில் கரண்ட் போனால் அந்தக் கோப்பு திறக்காது.

பெட்டியின் இரும்பைத் தொட்டால் சுளீரென்று இழுத்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். பழைய கட்டிடங்களில் இது சாதாரணம். ஒரு எலக்ட்ரிஷியனை வைத்து எர்த் கம்பி அடித்துவிட்டுத்தான் மெஷினை வையுங்க. மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேரம் இடி தொடங்கும் முன்பே சுவர்ப் பிளக்கைக் கழற்றுங்க, ரவுட்டரிலிருந்து வருகிற லேன் வயரையும் சேர்த்து. பைபர் இழையில் மின்சாரம் வராது. ஆனால் ரவுட்டர் அடாப்டர் வழியாக ஏறி, லேன் வயரில் இறங்கி மதர்போர்டை அடித்துவிடும்.